பிளட் ஆன் தி ட்ராக்ஸ்: எல்லாரும் கேக்குற கேள்விங்க, எனக்குத் தெரிஞ்ச பதிலுங்க

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனோட இந்த ஆல்பத்தை நான் யாருக்கு அனுப்பினாலும் ரெண்டு நாள்ல அதே கேள்விங்க திரும்பி வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரல் தேஞ்சிடுச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன்.

முதல்ல, இது என்ன ஆல்பம்? இதுக்கு ஏன் இவ்ளோ பில்டப்?

1975 ஜனவரி 20 அன்னிக்கு கொலம்பியா ரெக்கார்ட்ஸ் ரிலீஸ் பண்ணது. டிலனோட 15-வது ஸ்டூடியோ ஆல்பம். 10 பாட்டு, மொத்தம் 51 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. 60கள்ல ஊரையே புரட்டிப் போட்ட ஆளு 1966-ல பைக் ஆக்ஸிடென்ட்டுக்கு அப்புறம் கொஞ்சம் ஒதுங்கிட்டாரு, நடுவுல வந்த ஆல்பங்கள்ல சிலது நல்லா இருந்துச்சு, சிலது சுமார், சிலது ஏன்டா வந்துச்சுன்னு இருந்துச்சு, 70கள்ல "டிலன் கதை முடிஞ்சுது"ன்னு நிறைய பேரு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அந்த நேரத்துல வந்தது இது. அவருக்கு அப்ப வயசு 33.

பில்டப்னு கேட்டா, பிரிஞ்சு போறதைப் பத்தி பாட்டு எழுதாத ஆளே கிடையாது. ஆனா இதுல பிரிவைப் பத்தி புலம்பல் கம்மி, கோபம் இருக்கு, நக்கல் இருக்கு, பொய் இருக்கு, அடுத்த பாட்டுலயே அந்தப் பொய்யை ஒத்துக்கறதும் இருக்கு.

டிலன் குரல் எனக்கு ஒத்து வராதே, மூக்கால பாடுற மாதிரி இருக்கே?

இருக்கும். எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஹாஸ்டல்ல ஒரு சீனியர் கிட்ட இருந்து கேசட்ல காப்பி பண்ணி வாங்கினேன், பாதி வார்த்தை புரியல, டேப் வேற நடுநடுவுல இழுத்துக்கும், ரெண்டு பாட்டு கேட்டுட்டு தூக்கி ஓரமா வச்சுட்டேன். அப்புறம் ஒரு நாள் நைட்டு வேற எதுவும் இல்லாம இதைப் போட்டப்ப "சிம்பிள் ட்விஸ்ட் ஆஃப் ஃபேட்" வந்துச்சு, அதுல கிதார், பேஸ், ஒரு ஹார்மோனிகா, இவரு குரல், அவ்ளோதான். ஒரு ஆளு ஹோட்டல் ரூம்ல கண்ணு முழிச்சுப் பாக்கறான், பக்கத்துல ஆளில்ல. எனக்குத் தெரிஞ்ச அட்வைஸ் இதுதான்: இந்த ஆல்பத்தை முதல் பாட்டுல இருந்து ஆரம்பிக்காதீங்க, ரெண்டாவது பாட்டுல ஆரம்பிங்க. அதுலயும் பிடிக்கலைன்னா விட்டுடுங்க, தப்பில்ல, நட்பு கெடாது.

இது அவரோட டைவர்ஸ் ஆல்பம் தானே?

எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான், கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

டிலனும் சாராவும் 1965 நவம்பர்ல கல்யாணம் பண்ணாங்க, டைவர்ஸ் ஆனது 1977-ல. இந்தப் பாட்டெல்லாம் எழுதினது 1974-ல, அப்பவே உறவு ஆட்டம் கண்டுடுச்சுங்கறது தெரிஞ்ச விஷயம். ஸோ "டைவர்ஸ் ஆல்பம்"னு சொன்னா தேதி இடிக்குது, "வீடு உடையுற நேரத்துல எழுதின ஆல்பம்"னா சரி.

ஆனா டிலன் இதை ஒத்துக்கவே மாட்டாரு. பாட்டு சொந்தக் கதைன்னு சொன்னா அவருக்குக் கோபம் வரும். 2004-ல வந்த தன்னோட சுயசரிதையில, ஒரு ஆல்பம் முழுக்க ரஷ்ய எழுத்தாளர் செகாவோட சிறுகதைகளை வச்சு எழுதினேன், விமர்சகருங்க அதை என் சொந்தக் கதைன்னு நினைச்சுக்கிட்டாங்கன்னு எழுதியிருக்காரு. எந்த ஆல்பம்னு பேர் சொல்லல, படிச்சவங்க எல்லாம் இதுதான்னு எடுத்துக்கிட்டாங்க. அதே ஆளுதான் 1975-ல பாடகி மேரி ட்ராவர்ஸோட ரேடியோ பேட்டியில, இந்த ஆல்பத்தை ரசிச்சேன்னு ஜனங்க சொல்றப்ப எனக்கு அதைப் புரிஞ்சுக்கவே கஷ்டமா இருக்கு, இந்த மாதிரி வலியை எப்படி ரசிக்கறாங்கன்னு கேட்டாரு. வலி செகாவோடதா இருந்தா இவருக்கு ஏன் வலிக்குது, சொல்லுங்க.

என் கருத்து: ரெண்டும் உண்மை. வலி சொந்த வலிதான், ஆனா இது டைரி கிடையாது. டைரியா இருந்தா ஒரு தடவை எழுதி மூடி வச்சிருப்பாரு. இவரு வார்த்தையை மாத்தி, ஆளை மாத்தி, சுருதியை மாத்தி, ஊரையே மாத்தி திரும்பத் திரும்ப செஞ்சிருக்காரு. கீழ சொல்றதெல்லாம் கிட்டத்தட்ட அதைப் பத்திதான்.

பெயிண்டிங் கிளாஸ் போய் பாட்டு எழுதக் கத்துக்கிட்டாருன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். 1974-ல நியூயார்க்ல நார்மன் ரேபன்னு ஒரு வயசான ஓவிய வாத்தியார் கிட்ட ரெண்டு மாசம் போல போனாரு. கார்னகி ஹால் கட்டடத்துலயே மேல ஸ்டூடியோ. இந்த ரேபன் யாருன்னா, யூதர்களோட இத்திஷ் மொழியில எழுதின எழுத்தாளர் ஷோலம் அலேக்கெமோட பையன். வாத்தியார் செம கறார், ஸ்டூடண்ட்ஸ திட்டிக்கிட்டே இருப்பாராம்.

ஒரு படத்துல முன்னாடி இருக்கறதும் பின்னாடி இருக்கறதும் ஒரே நேரத்துல கண்ணுல படுதுல்ல, அதே மாதிரி பாட்டுலயும் நேத்து, இன்னிக்கு, நாளைக்கு மூணையும் ஒரே ரூம்ல உக்கார வைக்கலாம்னு அங்கதான் பிடிபட்டுச்சுன்னு டிலனே பின்னாடி சொல்லியிருக்காரு. கூடவே இன்னொண்ணும் சொன்னாரு: அந்த கிளாஸுக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து என் மனைவிக்கு என்னைப் புரியவே இல்லைன்னு. பெயிண்டிங் கிளாஸ் ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்திதான் போல.

அந்த சம்மர்ல மினசோட்டால இருக்கற பண்ணை வீட்டுல உக்காந்து ஒரு சின்ன சிவப்பு நோட்டுல பாட்டெல்லாம் எழுதினாரு.

"டாங்கிள்ட் அப் இன் ப்ளூ" கதை எனக்குப் புரியவே இல்ல. அதுல எத்தனை பொண்ணு?

ஒண்ணா, ரெண்டா, மூணா, யாருக்கும் தெரியாது, தெரியாம இருக்கறதுதான் பாட்டு. முதல் செய்யுள்ல காலையில படுத்துக்கிட்டு பழசை யோசிக்கறான். அடுத்ததுல அவளைப் பாத்தப்பவே அவளுக்கு வேற ஒருத்தரோட கல்யாணம் ஆகியிருந்துச்சுங்கறான். அப்புறம் காட்டுல சமையல் வேலை, படகு வேலை, ஒரு மட்டமான பார்ல வேலை பாக்கற பொண்ணு, இத்தாலியக் கவிஞர் புக்கு. இதை வரிசையா அடுக்கப் பாத்தா தலை சுத்தும். அந்த ஓவிய கிளாஸ் பாடம் முழுசா வேலை செய்யுற பாட்டு இது.

ஒரு சின்ன விஷயம் கவனிங்க. நியூயார்க்ல முதல்ல ரெக்கார்ட் பண்ணப்ப ஆரம்பத்துல "அவன்"னு பாடறாரு, போகப் போக "நான்" ஆயிடுது. மூணு மாசம் கழிச்சு திரும்ப ரெக்கார்ட் பண்ணப்ப முதல் வரியிலேயே "நான்"தான். இங்கிலீஷ்ல ஒரு தனி வார்த்தையை எடுத்துட்டு இன்னொண்ணை வச்சா போதும். நம்ம மொழியில பாருங்க, வினைச்சொல்லோட வாலே காட்டிக் கொடுத்துடும், "படுத்திருந்தான்"க்கும் "படுத்திருந்தேன்"க்கும் கடைசிக்கு முந்தின எழுத்துலதான் வித்தியாசம். நான் ஒரு தடவை இந்தப் பாட்டை சும்மா தமிழ்ல எழுதிப் பாத்தேன், ஆறாவது வரியிலேயே மாட்டிக்கிட்டேன், ஒவ்வொரு வாலையும் "ஆன்"ல விடறதா "ஏன்"ல விடறதான்னு முடிவு பண்ண வேண்டியிருக்கு, அப்பதான் புரிஞ்சுது இந்த மனுஷன் மூணு மாசமா எதோட மல்லுக்கட்டினாருன்னு.

1984 டூர்ல பெரும்பாலான வரியை மறுபடி மாத்திட்டாரு. மேடையில ஒரு தடவை, இந்தப் பாட்டை வாழ 10 வருஷமும் எழுத 2 வருஷமும் ஆச்சுன்னு சொன்னாரு. எழுதி முடிச்ச மாதிரி எனக்கு இன்னும் தெரியல.

ஒரே ஆல்பத்தை ரெண்டு தடவை ரெக்கார்ட் பண்ணாங்களாமே?

பாதி ஆல்பத்தை. இந்தக் கதையைச் சொல்லத்தான் நான் இவ்ளோ நேரமா காத்துக்கிட்டு இருந்தேன்.

முதல் ரவுண்டு நியூயார்க்ல, 1974 செப்டம்பர் 16-ல இருந்து 19 வரைக்கும். ஸ்டூடியோ பேரு ஏ அண்ட் ஆர், ஆனா அது முன்னாடி கொலம்பியாவோட பழைய ஸ்டூடியோ, டிலன் 20 வயசுப் பையனா வந்து முதல் ஆல்பம் பாடின அதே இடம். இன்ஜினியர் ஃபில் ரமோன். எரிக் வைஸ்பெர்க்கோட பேண்டு டெலிவரன்ஸைக் கூப்பிட்டாங்க, எல்லாரும் கை தேர்ந்த ஆளுங்க. ஆனா டிலன் கார்டு (எந்தச் சுரங்களைச் சேத்து மீட்டணும்ங்கறது) என்னன்னு சொல்ல மாட்டாரு, ஒரு பாட்டு முடிஞ்சா மூச்சு விடாம அடுத்தது ஆரம்பிச்சுடுவாரு, பத்தாததுக்கு கிதாரை வேற ட்யூனிங்ல வச்சிருந்தாரு, அதனால அவரு விரலைப் பாத்து காப்பி அடிக்கவும் முடியல. முதல் நாளோட பேண்டுல முக்கால்வாசிப் பேரை அனுப்பிட்டாங்க. பேஸ் வாசிச்ச டோனி பிரவுனை மட்டும் வச்சுக்கிட்டாரு, ஆர்கனுக்கு பால் கிரிஃபின், பெடல் ஸ்டீல் கிதாருக்கு பட்டி கேஜ் அப்புறம் வந்தாங்க.

ஆல்பம் ரெடி, டெஸ்ட் பிரஸ்ஸிங் (சாம்பிள் ரெக்கார்டு) கையில, அட்டை அடிச்சாச்சு. டிசம்பர்ல ஊருக்குப் போனப்ப தம்பி டேவிட் ஜிம்மர்மன் கிட்ட போட்டுக் காட்டறாரு. தம்பி கேட்டுட்டு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, மொட்டையா இருக்கு, இப்படியே விட்டா ரேடியோல ஓடாதுன்னு சொல்லிட்டாரு. வேற யாரு சொல்லியிருந்தாலும் டிலன் கேட்டிருப்பாரான்னு தெரியல. தம்பியே மினியாபோலிஸ்ல சவுண்டு 80-ங்கற ஸ்டூடியோவைப் பிடிச்சு, உள்ளூர் ஆளுங்களைச் சேத்தாரு. டிசம்பர் 27-ம் 30-ம், ரெண்டே நாள், 5 பாட்டு. ஆல்பம் கடைக்கு வந்தது ஜனவரி 20. கேப் எவ்ளோன்னு கணக்குப் போட்டுக்கோங்க.

டிலனுக்கு 1930கள் காலத்து சின்ன பாடி மார்ட்டின் கிதார் ஒண்ணு வேணும்னு தேடப் போய்தான் இந்த டீமே அமைஞ்சுது. கிறிஸ் வெபர், ஊர்ல கிதார் கடை வச்சிருந்தவரு, கிதாரையும் கொண்டு வந்தாரு, அப்படியே வாசிக்கவும் உக்காந்துட்டாரு. கெவின் ஓடகார்டு பாட்டு எழுதறவரு, கூடவே ரயில்ல பிரேக்மேன் வேலை. ட்ரம்ஸ் பில் பெர்க், பேஸ் பில்லி பீட்டர்சன், கீபோர்டு கிரெக் இன்ஹோஃபர், ஒரு பாட்டுக்கு மாண்டலின் பீட்டர் ஆஸ்ட்ரூஷ்கோ.

"டாங்கிள்ட்" முதல்ல ஜி-ல வாசிச்சுப் பாத்தாங்க. நம்ம கணக்குல அஞ்சு கட்டை. எப்படி இருக்குன்னு டிலன் கேக்க, ஓடகார்டு வாய் தவறி "பரவாயில்ல"ங்கற மாதிரி சொல்லிட்டாரு. டிலன் மூஞ்சியைத் திருப்பிப் பாத்து அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னாராம். இவருக்கு அங்கயே வேர்த்திருக்கும். அப்புறம் சமாளிச்சு, ஏ-க்கு ஏத்திப் பாக்கலாமேன்னாரு, அதாவது ஆறு கட்டை. ஏத்தினாங்க. குரல் எட்டிப் பிடிக்க வேண்டிய உயரத்துக்குப் போயிடுச்சு, அந்த எட்டிப் பிடிக்கறதுதான் நாம இன்னிக்கு கேக்கற பாட்டு. வரி கடைசியில அவரு குரல் மேல ஏறி ஒரு இழு இழுக்கும் பாருங்க, அஞ்சு கட்டையில அது சும்மா பேசற மாதிரி போயிருக்கும்.

எந்தெந்தப் பாட்டு எந்த ஊர்?

மினியாபோலிஸ்: டாங்கிள்ட் அப் இன் ப்ளூ, யூ ஆர் எ பிக் கேர்ள் நௌ, இடியட் விண்டு, லில்லி ரோஸ்மேரி, இஃப் யூ சீ ஹெர் சே ஹலோ. மீதி அஞ்சும் நியூயார்க். பேரு பாக்காமலே கண்டுபிடிக்கலாம், ட்ரம்ஸ் தெம்பா அடிச்சா மினியாபோலிஸ், ரூம்ல ஆளே இல்லாத மாதிரி இருந்தா நியூயார்க். "மீட் மீ இன் தி மார்னிங்" மட்டும் ஏமாத்தும், அது ப்ளூஸ், பேண்டோட இருக்கும், ஆனா நியூயார்க்.

அப்போ எது பெட்டர்?

இதுக்கு சண்டை 1975-ல இருந்து நடக்குது. நியூயார்க் வெர்ஷன் வருஷக்கணக்கா திருட்டு ரெக்கார்டா கை மாறிக்கிட்டே இருந்துச்சு, அதை வச்சிருந்தவங்க எல்லாம் "ஒரிஜினல் தான்டா உசத்தி"ன்னு சொல்லுவாங்க, கொஞ்சம் கெத்துக்காகவும் தான்.

என் தீர்ப்பு: டாங்கிள்டுக்கு மினியாபோலிஸ், சந்தேகமே இல்ல. பிக் கேர்ளுக்கு நியூயார்க். இடியட் விண்டு... வருஷா வருஷம் கட்சி மாறுவேன். அடுத்த பதிலைப் பாருங்க.

இடியட் விண்டுல யாரைத் திட்டறாரு? கேக்கவே பயமா இருக்கு.

கிட்டத்தட்ட 8 நிமிஷம் திட்டு. பத்திரிகைக்காரங்கள்ல ஆரம்பிச்சு, ஒரு பொண்ணுகிட்ட வந்து நின்னு, மூச்சு விடறதுக்கே உனக்கு எப்படித் தெரியுதுங்கற லெவலுக்குப் போயிடும். நியூயார்க் டேக்ல இதையே மெதுவா, தணிஞ்ச குரல்ல பாடறாரு, ஆர்கன் பின்னாடி லேசா அழுதுக்கிட்டே இருக்கும், கத்தாம திட்டறவங்க தான் பயங்கரம்னு நம்ம வீடுகள்ல பாத்திருப்பீங்க, அந்த மாதிரி. மினியாபோலிஸ்ல அப்படியே கத்தல்.

ரெண்டுலயும் கடைசியில ஒரு திருப்பம். பாட்டு முழுக்க "நீ ஒரு முட்டாள்"னு வந்தது, கடைசி ரவுண்டுல பன்மை ஆயிடும். இங்கிலீஷ்காரங்களுக்கு அதுக்கு ஒரே வார்த்தைதான். நமக்கு "நாங்க"ளும் இருக்கு "நாம"ளும் இருக்கு, இங்க வரவேண்டியது "நாம". அவ்ளோ நேரம் விரலை நீட்டித் திட்டிட்டு, அதே மூச்சுல அவ பக்கத்துல வந்து உக்காந்துக்கறாரு. இதை ஒரு தடவை பிரேக்கப் ஆன ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன், ஆறுதலா இருக்கும்னு. கடைசி வரைக்கும் கேக்காம நடுவுலயே நிறுத்திட்டான், மூணு நாள் என்கிட்ட பேசல.

"லில்லி, ரோஸ்மேரி" பாட்டை ஸ்கிப் பண்ணலாமா?

கிட்டத்தட்ட 9 நிமிஷம், பல்லவின்னு ஒண்ணு கிடையாது, செய்யுளா வந்துக்கிட்டே இருக்கும். ஒரு கௌபாய் ஊரு, நாடகக் கொட்டகை, பக்கத்துல பேங்க்ல சுவர ஓட்டை போடற சத்தம், வைரச் சுரங்க முதலாளி பிக் ஜிம், அவன் பொண்டாட்டி ரோஸ்மேரி, ஆட்டக்காரி லில்லி, நடுவுல ஜாக் ஆஃப் ஹார்ட்ஸ்னு ஒருத்தன், நம்ம ரம்மி பாஷையில சொன்னா ஆட்டின் ஜாக்கி. கடைசியில ஒரு கொலை, ஒரு தூக்கு. முதல் பத்து தடவை நான் ஸ்கிப் பண்ணேன். அப்புறம் ஒரு நாள் சமைக்கும்போது ஓடவிட்டேன், வெங்காயம் வதங்கறதுக்குள்ள கதை பிடிச்சுக்கிச்சு. உக்காந்து கேக்காதீங்க, வேலை செஞ்சுக்கிட்டே கேளுங்க.

கிதார் வாசிக்கத் தெரியும், ஆனா ரெக்கார்ட் மாதிரி வரல. ஏன்?

நியூயார்க் பாட்டுங்க ஓபன் ட்யூனிங். அதாவது ஃபிரெட்டைத் தொடாம ஆறு கம்பியையும் மீட்டினாலே ஒரு முழு கார்டு வரும். டி-ல வச்சு ரெண்டாவது ஃபிரெட்ல கேப்போ போடுங்க, ஈ வரும். "பக்கெட்ஸ் ஆஃப் ரெயின்", "ஷெல்ட்டர் ஃப்ரம் தி ஸ்டார்ம்" ரெண்டுக்கும் இதுதான். அப்பவும் லேசா சுருதி இடிச்சா உங்க காது தப்பில்ல, ரமோன் அந்த டேப்புகளை ரெண்டு மூணு சதவீதம் வேகமா ஓட்டிதான் ஆல்பத்துல சேத்தாரு, பாட்டு கொஞ்சம் துள்ளலா இருக்கணும்னு. அரைக்கட்டை கூட வராது, ஆனா கூட வாசிக்கறப்ப உறுத்தும்.

அட்டையில இருக்கற படம் யாரு எடுத்தது?

பால் டில்லுன்னு ஒருத்தரு, 1974 ஜனவரில டொரன்டோல நடந்த கச்சேரியில எடுத்தாரு. டார்க்ரூம்ல போட்டு பெயிண்டிங் மாதிரி ஆக்கிட்டாரு. பின்னட்டையில பத்திரிகையாளர் பீட் ஹேமில் எழுதின குறிப்பு, அதுக்கு கிராமி கிடைச்சுது. பாட்டுக்குக் கிடைக்கல, குறிப்புக்குக் கிடைச்சுது!

வந்தப்பவே ஹிட்டா?

அமெரிக்காவுல நம்பர் 1, பிரிட்டன்ல 4. "டாங்கிள்ட்" சிங்கிள் 31 வரைக்கும் போச்சு. ஆனா விமர்சகருங்க எல்லாரும் விழுந்து கும்பிடல. ரோலிங் ஸ்டோன்ல ஜான் லாண்டாவ், வழக்கம் போல அரைகுறையா ரெக்கார்ட் பண்ணியிருக்காருன்னு எழுதினாரு. அதே பத்திரிகைதான் 2020-ல எல்லா காலத்துக்குமான 500 ஆல்பம் லிஸ்ட்ல இதுக்கு 9-வது இடம் கொடுத்துச்சு.

மீதி டேக்கெல்லாம் எங்க கேக்கலாம்?

2018 நவம்பர்ல "மோர் பிளட், மோர் ட்ராக்ஸ்"னு 6 சிடி செட் வந்துச்சு. நியூயார்க்ல பாடினது மொத்தமும் வரிசையா இருக்கு, வேகத்தை ஏத்தாம, இருந்தபடியே. ஒரே பாட்டை ஏழெட்டு தடவை கேக்கப் பொறுமை வேணும், ஒரு சிடி வெர்ஷனும் இருக்கு, அது போதும். சில டேக்ல டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வரும், உங்க ஹெட்ஃபோன் ரிப்பேர் இல்ல, டிலன் சட்டைக்கு மேல போட்டிருந்த ஜாக்கெட் பட்டன் கிதார்ல இடிக்குது. மறுபடி எடுக்கலாம்னு அவருக்குத் தோணவே இல்ல போல. ஆல்பத்துல இடம் கிடைக்காத "அப் டு மீ"யும் இதுல இருக்கு, அதை விட்டுடாதீங்க, "ஷெல்ட்டர்"க்கு கூடப் பிறந்த பாட்டு.

மினியாபோலிஸ்ல இருந்து மட்டும் அதே அஞ்சு பாட்டுதான், மத்த டேக் எதுவும் மிஞ்சல.

அந்த மினியாபோலிஸ் ஆளுங்க பேரு ஏன் அட்டையில இல்ல?

அட்டை முன்னாடியே பிரிண்ட் ஆயிடுச்சுன்னு சொன்னேன்ல, அதான். பின்னாடி வர்ற பதிப்புல போடறோம்னு சொன்னாங்களாம். போடல. கோடிக்கணக்கான பேரு கேட்ட "டாங்கிள்ட்" முதல் கிதார் சத்தம், அந்த ட்ரம்ஸ், எல்லாம் பேரில்லாத ஆளுங்களோடதா பல வருஷம் ஓடுச்சு. ஆல்பம் வந்து 43 வருஷம் கழிச்சு, அந்த 2018 செட்லதான் ஆறு பேரு பேரும் முறையா அச்சுல வந்துச்சு.

என்கிட்ட இருக்கற பழைய எல்பியோட உறைக்குள்ள ஒரு துண்டு பேப்பர்ல அந்த ஆறு பேரையும் பால்பாயிண்ட்ல எழுதி சொருகி வச்சிருக்கேன்.